ஆம்புலன்ஸ் வந்தாச்சு... சேலை எங்கே?

போன வாரம் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாலு பேரிடம் கதை கேட்கப் போனேன். திரும்பி வந்தது ஆம்புலன்ஸுக்குப் பின்னால், ஒரு ஆட்டோவில்!

என்னை அழைத்துப் போனவர் டாக்டர் சுகந்தி. யாழ்ப்பாணத்துப் பெண். பதுளையில் எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார். ஆஸ்பத்திரி வேலை போக மிச்ச நேரத்தில் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். நோயாளி ஆஸ்பத்திரிக்குள் வந்தபிறகு நடப்பதைத்தான் எல்லோரும் ஆராய்வார்கள். இவருக்கோ வருவதற்கு முன்னால் நடப்பதுதான் வேண்டும். யார் போன் செய்தது? யார் தூக்கியது? எங்கே சுணங்கியது?

"அக்கா, எல்லாரும் 'உடனே கிளம்பிட்டோம்' எண்டுதான் சொல்லுகினம். ஆனா ஆம்புலன்ஸ் வந்து ரோட்டில காத்துக்கொண்டு நிக்குது. இடையில என்ன நடக்குது எண்டு எனக்கு விளங்கேல்ல. நீங்கள் இந்தப் பக்கத்து ஆள், நீங்கள் கேட்டால் சொல்லுவினம்" என்றார். வாத்தியார் வேலை பார்த்த எனக்குக் கேள்வி கேட்கவா கசக்கும்? கிளம்பிவிட்டேன்.

கேட்டேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எல்லோரும் எனக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். "உடனே கிளம்பிட்டோம் டீச்சர்." தேநீர் மட்டும் நன்றாக இருந்தது.

மத்தியானம், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பார்வதி என்ற அம்மா, தன் வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. "நெஞ்ச யாரோ அமுக்குற மாதிரி இருக்கு... இந்தக் கை வேற இழுக்குது" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

சுகந்தி நாடியைப் பிடித்தார். பையிலிருந்த ஆஸ்பிரினைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். "அசையாமல் இருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, போனோடு தண்ணீர்ப் பைப் அடிக்கு ஓடினார். அந்த லயத்தில் அங்கே நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல நானும் கூடவே போனேன். லயம் வரைக்கும் வண்டி ஏறாது, கீழே கோயிலடி வரைக்கும்தான். பக்கத்து வீட்டு ஆண்கள் அதற்குள் பார்வதியை வைத்துச் சுமக்க நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ன வேகம்!

திரும்பி வந்து பார்த்தால் படியில் பார்வதி இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

கதவைத் தட்டினேன்.

"ஒரு நிமிஷம் டீச்சர், அம்மாவுக்கு உடுப்பு மாத்துறோம்!" உள்ளேயிருந்து மகள் கமலாவின் குரல்.

சுகந்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வாளியில் சுடுதண்ணீர். கால் கழுவியாகிவிட்டது. பெட்டியிலிருந்து எடுத்த மயில் கழுத்துக் கலர் சேலை கட்டிலில் விரிந்து கிடக்கிறது. பார்வதி எழுந்து நின்று, சுவரைப் பிடித்தபடி, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்க்கப் பார்க்கிறார். மழைக்கும் செடி கிழிக்காமலும் கொழுந்துக்காரர்கள் கட்டுவார்களே, அந்தப் படங்கு. கறையும் சேறுமாக இருந்தது. நிற்கவே முடியவில்லை அவருக்கு. உதடு வெளுத்துப் போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிர் போகிற நேரத்தில் அலங்காரமா? வாயைத் திறக்கப் போனேன். சுகந்தி என் கையை அழுத்தினார்.

"இந்தக் கோலத்துலயா ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் பார்வதி.

கமலா அழுதுவிட்டாள். "முந்தி ஒரு தடவ மலையிலேருந்து அப்படியே போனோம் டாக்டரம்மா. படங்கப் பார்த்துட்டு 'தள்ளி நில்லு'ன்னுட்டாங்க. அம்மா அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. அதுலேருந்து யாருக்கு முடியாமப் போனாலும், கழுவி, நல்லதா உடுத்திதான் கூட்டிட்டுப் போவோம். இங்க எல்லாருமே அப்படித்தான்."

எல்லாருமே! கிளம்புவது என்றாலே குளித்து உடுத்திக் கிளம்புவது என்று ஆகிப்போனவர்களிடம் ஏன் சுணங்கினீர்கள் என்றால் என்ன சொல்வார்கள்? அவர்கள் ஒளிக்கவில்லை. அதைத் தாமதம் என்று நினைக்கவேயில்லை.

சுகந்தி சேலையைச் சுருட்டித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். "அம்மா, இது என்ரை கையில இருக்கட்டும். நானும் உங்களோட வாறன். ஆரும் ஒண்டும் சொல்லாமல் நான் பாக்கிறன். சுகமானதும் நானே உடுத்தி விடுறன். இப்ப கதிரையில இருங்கோ."

பார்வதி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்... படங்கோடு.

கோயிலடியில் ஆம்புலன்ஸ் நின்றது. வண்டியிலிருந்த சிங்களத் தம்பி, சேறு பூசிய அந்தக் கையைத் தன் கையில் வாங்கி, "பய வென்ன எபா அம்மே" என்றான். பயப்படாதீங்க அம்மா என்று அர்த்தம். நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஈசிஜி எடுத்து, ஆக்சிஜன் கொடுத்து... அந்தப் படங்கை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு. சுகந்தி சேலையோடு உள்ளே ஏற, கதவு மூடியது.

பார்வதி பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார்களாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சுகந்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு அவரே சேலை உடுத்திவிட்டார். "கொசுவம் சரியா வரலையே டாக்டரம்மா" என்று பார்வதி சிரித்தது வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

'தோட்டத்து மக்களுக்கு விழிப்புணர்வு போதாது' என்று ஒரு வரி எழுதி இந்த ஆராய்ச்சியை முடித்திருக்கலாம். கை தட்டவும் ஆள் இருந்திருக்கும். சுகந்தி அப்படி எழுதவில்லை. "அக்கா, லயத்தில கேட்டது போதும். இனி ஆஸ்பத்திரியளில கேக்கப் போறன். ஆள் வந்த உடன முதலில எதைப் பாக்கிறியள் எண்டு" என்றார். ஆராய்ச்சி என்றால் இதுவல்லவா!

எல்லோரும் 'நாடி' என்றுதான் சொல்வார்கள்... 'உடுப்பு' என்று ஒரே ஒருவர் உண்மையைச் சொல்லட்டும், அடுத்த பார்வதி கொஞ்சம் முன்னதாகவே வந்து சேர்வார்!