மைக்கூட்டில் பால்

சரஸ்வதி பூஜை என்றால் நவராத்திரி என்று நம்பிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே அவள் பொங்கலெல்லாம் முடிந்து ஆற அமரத்தான் வருகிறாள். வங்கி வேலை அப்பாவை மதுரையிலிருந்து கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் கொண்டுவந்து போட்டிருந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆபீஸ் இருந்தது, எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அம்மாவுக்கு யாரும் இல்லை. காய்கறி வண்டிக்காரர் வந்தால் ஜன்னலிலிருந்து விரலை நீட்டிக் காட்டித்தான் வாங்குவாள். பேசுவதற்கு வங்காள மொழி வராது.

அந்த வீட்டுக்குள் முதலில் வந்தவள் மாடி வீட்டு அக்கா, இங்கே தீதி என்பார்கள். கல்லூரியில் சேர்ந்த புதிது அவளுக்கு. இட்லி எப்படிச் செய்வது என்று கேட்க வந்தாள், பிறகு ஒன்றும் கேட்காமலே தினமும் வந்தாள். இரண்டு பேரும் ஓட்டை இந்தியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவள் வரும் நேரத்துக்கு அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

சரஸ்வதி பூஜையன்று இங்கே பெண்பிள்ளைகள் மஞ்சள் புடவை கட்டுவது வழக்கம். தீதி ஒன்று இரவல் கேட்டாள். அம்மாவிடம் இருந்த ஒரே மஞ்சள் அவளுடைய கல்யாணப் பட்டு, அரக்குக் கரை போட்டது. எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தால்கூட அடியில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கிற அம்மா, மறுபேச்சில்லாமல் அதை எடுத்து நீட்டினாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன்.

பூஜை தீதியின் வீட்டில். அவளுடைய அம்மாவை நான் ஜேட்டிமா என்பேன். நம் பெரியம்மா போல. புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் ஒரு வேலை தரவேண்டுமே என்று, ஜேட்டிமா அப்பாவிடம் சின்னச் சின்ன மண் மைக்கூடுகளையும் ஒரு செம்புப் பாலையும் கொடுத்து நிரப்பிவைக்கச் சொன்னார். மைக்கூட்டில் எதை நிரப்புவது என்று ஒரு வங்கி அதிகாரிக்குச் சொல்லியா தரவேண்டும்? அப்பா கீழே வந்து தன் மைப் புட்டியை எடுத்துப்போய்க் கழுத்து வரை நீல மையை ஊற்றினார். பால் அம்மனுக்கு நைவேத்தியம் என்று தானே தீர்மானித்து, பக்தியோடு ஓரமாக நகர்த்திவைத்தார்.

அந்த மைக்கூடுகளில் மைக்குப் பதில் பாலைத்தான் ஊற்றுவார்கள், அதில் நாணல் பேனாவைத் தோய்த்துத்தான் வில்வ இலையில் எழுதுவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குப் புரோகிதர் கிடைப்பது லேசில்லை. தெருவில் சைக்கிளில் போனவரை மறித்துக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் அடுத்த வீட்டை நினைத்துக்கொண்டே மந்திரம் சொல்லி, பேனாவைத் தோய்த்து இலையில் வைத்தார். நீலமாக எழுதியது. அவர் திடுக்கிட்டுக் கையை உதற, கை பட்ட மைக்கூடு புரண்டு, பக்கத்தில் இருந்த தீதியின் மடியில் கவிழ்ந்தது. மிச்சம் தரையில் ஓடி மாக்கோலத்தை நீலக் கோலமாக்கியது.

தீதி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இனி இவள் படியிறங்கி நம் வீட்டுக்கு வரமாட்டாள் என்று எனக்கே பட்டது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உப்பு, எலுமிச்சை, ஊசி போடும்போது துடைக்கிற ஸ்பிரிட். ஒருவர் வெந்நீர் வைக்க ஓடினார். அம்மா அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"கரம் பானி நஹி. யாரும் தேய்க்காதீங்க. தேய்ச்சா பரவிரும்."

பாதி தமிழ்தான், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. தீதியைக் கீழே கூட்டிவந்து தன் நூல் புடவை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பட்டின் அடியில் வெள்ளைத் துவாலையை விரித்தாள். பின்னாலேயே ஜேட்டிமா அந்தப் பால் செம்போடு வந்தார். "துத், பௌதி, துத்," என்றார், பால், அண்ணி, பால் என்று. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, பஞ்சைப் பாலில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். பால் நீலமாயிற்று, துவாலை நீலமாயிற்று. மாடியில் அப்பா பற்பசையும் பழைய பிரஷுமாக மண்டிபோட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புரோகிதர் அவரைத் தாண்டிக் குதித்து அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள், காய்ந்த புடவையைத் தீதி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அம்மா அதைத் தூக்கிக் காட்டினாள்.

"சலா கயா. போயிருச்சு பாரு."

தீதி கிட்டே வருவதற்குள் புடவை மடிந்து பீரோவுக்குள் போய்விட்டது. அவள் சிரித்தாள். முந்தின நாள் பூஜைப் பிரசாதமாக வந்தும் தொடாத கிச்சடியைக்கூட அன்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஜேட்டிமாவும் வர ஆரம்பித்தார். வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் சொத்தை என்று வங்காள மொழியிலேயே சண்டை பிடிக்கும் அளவுக்கு அம்மா தேறினாள். எனக்குப் பாலின் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. யூனிபாரத்தில் மை பட்டபோதெல்லாம் பாலில் ஊறவைத்தேன். ஒரு தடவைகூட முழுசாகப் போனதில்லை. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பால்காரரைத் திட்டினேன். வருஷா வருஷம் அம்மா பூஜைக்கு அந்தப் பட்டைத்தான் கட்டுவாள். கொசுவத்தைப் பிரிப்பாள், மறுபடி மடிப்பாள், திரும்பவும் பிரிப்பாள். ஒரு புடவை கட்ட இவ்வளவு நேரமா என்று நான் வாசலில் நின்று காலை உதைத்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் அந்தப் புடவையை நான் கேட்டு வாங்கிக் கட்டினேன். கொசுவம் பிடிக்கும்போது கையில் வந்தது கறை. வெளுத்திருந்தது, ஆனாலும் நீலம்தான். என் உள்ளங்கை அகலம்.

"அம்மா, இது போகவே இல்லியா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா வந்து கதவைச் சாத்தினாள். கறை பட்ட மடிப்பைப் பிடித்து உள்ளே தள்ளி, என் இடுப்பில் செருகினாள்.

"மெதுவாப் பேசு. பூஜைக்கு உன் தீதி மாடிக்கு வந்திருக்கா."