தாமதமாக வந்த மறுப்பு

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, இந்தத் தீவு நாட்டின் நாடி நகரில் நான் வேலை பார்த்த ஹோட்டலுக்குச் சுற்றுலா ஆட்கள் வருவது நின்றுபோனது. கம்ப்யூட்டர் பிரிவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக்காரி, ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜெண்டின் இணையதளத்தில் பதிவு செய்திருந்தாள். அன்று பாஸ்வேர்டை மறந்துவிட்டு எதையெதையோ அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் திரை சற்று யோசித்துவிட்டு, ‘முகவரியோ பாஸ்வேர்டோ தவறு’ என்றது. ஒருமுறை அவசரத்தில் மின்னஞ்சல் முகவரியையே தப்பாக அடித்தாள். அதே வாசகம்தான், ஆனால் சட்டென்று வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தளத்தை எழுதியவன் அரைகுறை. பதிவில் இல்லாத முகவரி என்றால் நிரல் வாசலிலேயே விரட்டிவிடுகிறது. இருக்கிற முகவரி என்றால்தான் பாஸ்வேர்டை வாங்கி, அரைத்து உருமாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த நேர வித்தியாசமே யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரையும் ஒரே அளவு காக்கவைத்திருக்க வேண்டும்.

விளையாட்டாக என் முகவரியைப் போட்டேன். சட்டென்று மறுப்பு. நான்தான் பதிவே செய்யவில்லையே. பிறகு என் கணவருடையதைப் போட்டேன். திரை யோசித்தது.

இன்டர்நெட்டைத் திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன். மறுபடியும் யோசித்தது. மாற்றி மாற்றிப் போட்டுக் கை சலித்தது. “புருஷன் பொண்டாட்டின்னா ஒரே பதிவு போதுமா?” என்று கேட்டேன். ஆளுக்கொன்று வேண்டும் என்றாள் பக்கத்து மேசைக்காரி. அப்படியானால் அவர் தன்னை மட்டும்தான் பதிந்திருக்கிறார்.

லோவு கிராமத்தில், எங்கள் கரும்புத் தோட்டத்து வீட்டில், மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து இங்கே நம்மவர்கள் பேசும் இந்தி மறந்துபோய், சின்ன வயதில் பேசிய தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குத்தான் அவர் சொல்வது முழுசாகப் புரியும். போய்விடலாம் என்று நான் பேச்செடுத்தபோதெல்லாம், அப்பாவை விட்டுவிட்டு எப்படி என்று கணவர் என் வாயை அடைத்திருந்தார். அவர் மட்டும் போய்விட்டால், அந்தக் கட்டிலை விட்டு நான் எங்கும் நகர முடியாது.

சாயங்காலம் இருவருமாக மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தோம். மனசு கேட்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா?”

“இல்ல.”

நான் கேட்டு முடிக்குமுன்பே வந்துவிட்டது. கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“பாகல் மாரி பேசாத, பைத்தியமா ஒனக்கு? நைனாவ வுட்டுட்டு நான் எங்க போவேன்?”

மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா, நைனாக்கு நீ இருந்தா போதும்.”