பொங்கலூர்க் கிணறும் நீலமாகாத காகிதமும்

2007 ஜனவரியில் பொங்கலூர் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே வாக்கப்பட்ட என் தங்கை செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தக்காளிக்கு மருந்தடித்துவிட்டு, தெளிப்பானை இவர்கள் கிணற்றோரம் கழுவினார் என்று ஒரு பேச்சு. அதோடு செல்வி கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பெரியவரிடம் பேசுவதையும்தான். என் மனைவி மாலதி சென்னையில் ஓர் ஆய்வகத்தில், தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தால் காட்டும் உயிரி உணரி செய்கிறவள். "நானே வந்து பார்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ரயில் விடிகாலை ஐந்தரைக்குத் திருப்பூரில் இறக்கிவிட்டது. பல்லடம் வழியாகப் பொங்கலூர் முப்பது கிலோமீட்டருக்குள்தான்; பஸ் டிக்கெட் ஒன்பது ரூபாய். நைட் ஷிஃப்ட் முடித்த பனியன் கம்பெனிக்காரர்கள் தூங்கி வழிந்தார்கள். மாலதி மடியிலிருந்த ஐஸ் டப்பாவைப் பார்த்து, "மீனுங்களா?" என்றார் கண்டக்டர். "என்சைமுங்க" என்றேன். மீன் வைக்கிற இடத்தையே காட்டினார்.

உணரி என்பது விரல் அகலக் காகிதம். அதிலுள்ள என்சைம் வேலை செய்தால் நீலமாகும். பூச்சிமருந்து இருந்தால் முடங்கி, வெள்ளையாகவே நிற்கும். கிணற்றிலிருந்து ஒரு குடம் சேந்தி நனைத்துப் பார்த்தோம்; வெள்ளையாகவே நின்றது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் வேலியைத் தாண்டியிருப்பேன். மாலதிதான் குடத்தை முகர்ந்து, "கிணத்துல ஏதாவது போட்டீங்களா?" என்றாள்.

செல்வியின் கணவர் கதிர்வேலுக்குத் துணி பிளீச்சிங் பட்டறையில் வேலை. "நீங்க வர்றீங்கன்னு, தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு நேத்து பிளீச்சிங் பவுடர் போட்டேனுங்க" என்றார். விருந்தாளிக்குக் காட்டிய மரியாதை! பவுடரிலிருந்த குளோரின் என்சைமையே கொன்றிருந்தது.

பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறுவதைத்தான் சோதிக்க வேண்டும். மோட்டாருக்கோ கரண்ட் இல்லை. வேலிக்கு அந்தப்பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் குரல் கொடுத்தார்: "எங்கூட்டு ஆயில் இஞ்சின் இருக்குதுங்க, எறச்சுப் பாருங்க. எம்மேல தப்புன்னா எனக்கும் தெரியோணுமல்லங்க?"

சாயங்காலம் வரை அவரே நின்று இறைத்தார். மறுநாள் காலை ஊறிய தண்ணீரில் காகிதம் பளிச்சென்று நீலமானது. என் கண் கலங்கியதைச் சொல்ல வெட்கமில்லை.

சோதிக்கப் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே கிணற்றில் எதையும் போட வேண்டாமென்று சொல்லிவையுங்கள். இந்தக் காகிதம் எல்லா மருந்தையும் காட்டாது. ஆய்வகத்துக்கும் ஒரு பாட்டில் அனுப்புங்கள். நாங்களும் அனுப்பினோம். அந்த முடிவும் நல்லபடியாக வந்ததும் செல்விக்குப் போன் செய்தேன்.

"குடிச்சியா?"

"இருண்ணா, மொதல்ல பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு ஒரு சொம்பு குடுத்துட்டு வந்துடறேன்" என்று போனைக் கீழே வைத்தாள்.