ரெஜிஸ் மறைத்துவைத்த கடல்

பிரான்ஸின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் போர்பை துறைமுகத்தில் யாரைப் பார்த்து "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமில்ல." படகு அமிழ்ந்துபோகும் அளவுக்குக் கடல் நத்தை ஏற்றிவந்தவனும் அதைத்தான் சொல்வான். உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காதவன்தான் மானத்தைக் காப்பாற்ற "பரவாயில்ல" என்பான். யாரும் யாரையும் நம்பாத ஊர். அதனாலேயே சண்டை சச்சரவில்லாமல் இருந்தோம்.

அந்தப் பொய்க்காரக் கூட்டத்துக்குத் தலைவன் ரெஜிஸ் லெமுவான். ஒன்பது மீட்டர் படகு, நத்தை பிடிக்க எண்ணூறு கூடு. படகின் பெயர் பொறுமைசாலி. அவனுக்கும் அந்தப் பெயருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. காலையில் வடக்கே போவதுபோல் கிளம்புவான். கரை கண்ணுக்கு மறைந்ததும் மேற்கே திருப்புவான். வேறு படகு தென்பட்டால் கூட்டைக் கடலிலேயே விட்டுவிட்டு, இன்ஜினைத் திறந்து கோளாறு பார்ப்பதுபோல் குனிந்துகொள்வான். எங்கே போகிறான் என்று அவன் மனைவி ஒதிலுக்கே தெரியாது. அவளும் கேட்டதில்லை. நத்தையைக் கழுவித் தரம் பிரிப்பதிலேயே அவளுக்கு முதுகு ஒடிந்துகொண்டிருந்தது.

மாதம் ஒருமுறை மீனவர்கள் அரசாங்கத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்கவேண்டும். எந்த நாள், எத்தனை கிலோ, எந்த இடம். ஏலக்கூடத்துக் குமாஸ்தா கையால்தான் அந்தத் தாள் போகும். குமாஸ்தாவின் மைத்துனனுக்கு இரண்டு படகு. இடத்தை எழுதிக் கொடுப்பதும் வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பதும் ஒன்று. ஆகவே ரெஜிஸ் இருபத்தெட்டு வருடமாக ஒரே வரியை எழுதிவந்தான்: போர்பை கரைக்கு எதிரே. கீழே கையெழுத்து.

உண்மையில் அவன் இடம் எதிர்க்கரையில், இங்கிலாந்து முடிக்கு உட்பட்ட ஜெர்சி தீவின் கடலில் இருந்தது. அவன் அப்பா கூடு போட்ட இடம். நடுவில் கோடு ஒன்று உண்டு என்று வரைபடத்தில் பார்த்திருக்கிறான். தண்ணீரில் பார்த்ததில்லை.

பிறகு இங்கிலாந்துக்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்துபோனார்கள். எங்கள் ஊருக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு மாதிரியான அவமானம். நாற்பது வருடம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட சம்பந்தி, உங்கள் வீட்டுச் சோறு எனக்கு ஆகவில்லை என்று எழுந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி. "போறவன் போகட்டும், கதவைச் சாத்திட்டுப் போகட்டும்" என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். கதவு எங்கள் கடலில்தான் சாத்தப்படும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

விதி எளிமையானது. குறிப்பிட்ட மூன்று வருடத்தில், ஏதாவது ஒரு வருடம், பதினோரு நாளாவது ஜெர்சி கடலில் மீன் பிடித்ததை நிரூபித்தால் உரிமம். இல்லையென்றால் கிடையாது. பெரிய படகுகளில் போகும் இடத்தைப் பதிவு செய்யும் கருவி இருந்தது, அவர்கள் தப்பித்தார்கள். சின்னப் படகுக்காரர்களிடம் இருந்தது அந்த மாதாந்திரத் தாள் மட்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரெஜிஸ் வாயை மூடியே கெட்டான்.

உரிமம் இல்லையென்றால் என்ன என்று கேட்கலாம். போர்பைக்கு எதிரே இருக்கிற மணலில் நத்தை கிடைத்தால் அவன் ஏன் இருபது கிலோமீட்டர் தாண்டிப் போகிறான்? ஐம்பத்தேழு வயது. பதினாலு வயதில் ஏறியது, இறங்கியதில்லை. வேறு எதுவும் தெரியாது. தனக்கு நீந்தக்கூடத் தெரியாது என்று அவனே சொல்வான்.

மே மாதம் இந்தக் கரைப் படகுகள் எல்லாம் சேர்ந்து ஜெர்சித் துறைமுகத்தை மறிக்கப் போயின. ரெஜிஸும் போனான். அங்கே, சுவர்மேல், மழைக்கோட்டும் கையில் பிளாஸ்க்குமாக நின்றிருந்தார் டெஸ்மண்ட் தாக்ரே.

டெஸ்மண்ட் ஜெர்சியில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் இங்கிலாந்துக்காரர். பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்துநாலு வயது. பதினெட்டு வருடத்துக்கு முன் ரெஜிஸின் இன்ஜின் நிஜமாகவே நின்று, படகு பாறைக்கு அடித்துப்போனபோது, தன் சின்னப் படகில் வந்து கயிறு போட்டு இழுத்தவர். அன்றிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை ரெஜிஸ், டெஸ்மண்ட் வீட்டருகே கோரி என்ற சிறு துறையில் ஒதுங்குவான். ஒரு வாளி நத்தை கொடுப்பான். அவர் பால் ஊற்றிய தேநீர் கொடுப்பார். அதை ரெஜிஸ் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பான், குடிப்பான். அவன் கொண்டுபோகும் மயோனைசை அவர் மருந்துபோல நத்தைக்குத் தொட்டுத் தின்பார். இருவருக்கும் மற்றவர் மொழி அரைகுறை. அதனால் சண்டையே வந்ததில்லை.

அன்று சுவர்மேலிருந்து டெஸ்மண்ட் கையை ஆட்டினார். ரெஜிஸின் கையில் சிவப்புப் புகை கக்கும் தீப்பந்தம். சுற்றிலும் நாற்பது படகுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய்க்காரப் பயலுகளா," என்று கத்தினான். "உங்க ஜாதியே பொய். நீயும்தான்யா. உன் தேத்தண்ணியும் வேணாம், உன் மூஞ்சியும் வேணாம்."

டெஸ்மண்ட் ஆட்டிய கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அந்தக் கை இறங்கியது ரெஜிஸுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

செப்டம்பர் முடிவுக்குள் ஆதாரம் கொடுக்கவேண்டும். ஆகஸ்டில் ரெஜிஸ் தூங்குவதை விட்டான். நத்தை விற்ற சீட்டு, டீசல் சீட்டு, பழைய போன் என்று வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான். எதிலும் இடம் இல்லை. இடம் இல்லாதபடி பார்த்துக்கொண்டவனே அவன்தானே. ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே சொன்னான்:

"அந்தக் கிழவன் எழுதி வெச்சிருப்பான்."

"எந்தக் கிழவன்?" என்றாள் ஒதில்.

"டெஸ்மண்டு. தினமும் காலைல ஜன்னல்ல தொலைநோக்கியோட உக்காந்து எழுதுவான். காத்து, மழை, பறவை, எந்தப் படகு எங்க நிக்குதுன்னு. பைத்தியக்காரன்னு சிரிப்பேன்."

"யாரைப் பொய்க்காரன்னு ஊரறியத் திட்டினியோ அவரா?"

அவனுக்குத் தொலைபேசியில் கேட்கவும் வெட்கம். மறுநாள் படகை எடுத்தான்.

அவசரத்தில் கடல் வற்றும் நேரத்தில் கோரிக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தக் கரையில் தண்ணீர் பத்து மீட்டர் ஏறும், பத்து மீட்டர் இறங்கும். சுவர் ஓரம், கடைசிப் படி அருகே தேங்கியிருந்த தண்ணீரில் படகை நிறுத்தினான். தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்தாரோ என்னவோ, டெஸ்மண்ட் தலை மேலே எங்கோ தெரிந்தது. ஏணியில் கால் வைத்தபோது துறைமுகக் காவலர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

ரெஜிஸ் ஜென்மத்தில் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. பதினெட்டு வருடம் ரப்பர் பூட்ஸோடு ஏறிய ஏணி அது.

"அப்ப ஏறக்கூடாது. மன்னிச்சுக்கங்க. படகுலயே நின்னு பேசுங்க."

ஆக, மன்னிப்பை அவன் கத்தித்தான் கேட்கவேண்டியிருந்தது. சுவர்மேல் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"டெஸ்மண்டு. அன்னைக்கு நான் பேசினது தப்பு."

"என்ன? காது கேக்கல."

"தப்புன்னேன்யா. தப்பு."

"அதையும் எழுதி வெச்சிருக்கேன்," என்றார் டெஸ்மண்ட். "மே ஆறு. ரெஜிஸ் கோபமா இருந்தான். தேநீர் இல்லை."

ரெஜிஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னான். பதினோரு நாள் வேண்டும், இல்லையென்றால் நான் செத்தேன் என்றான்.

"பிரியலாமான்னு கேட்டப்ப எனக்கு ஓட்டே கிடையாது, தெரியுமா?" என்றார் டெஸ்மண்ட். "இந்தத் தீவுல யாரையும் எவனும் ஒரு வார்த்தை கேக்கல. பிரிஞ்சது அவங்க. வெட்டினது உனக்கும் எனக்கும் நடுவுல. இரு, வரேன்."

அரைமணி கழித்து, ஒரு பிஸ்கட் டப்பா கயிற்றில் கட்டப்பட்டுச் சுவரில் தட்டித் தட்டி இறங்கியது. உள்ளே மூன்று நோட்டுப் புத்தகம். சுவைக்க நாலு பிஸ்கட்டும் இருந்தது.

அன்று மாலை ஒதில் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இங்கிலீஷ் அவளுக்குக் கொஞ்சம் வரும். இரண்டாவது நோட்டில் மட்டும் முப்பத்திநாலு நாள். நேரம், காற்று, "பொறுமைசாலி, பாறைக்குத் தெற்கே, கூடு தூக்குகிறான்". ரெஜிஸ் ஆப்பிள் சாராயத்தைத் திறந்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் தெரிந்தது.

ஒதில் எழுந்துபோய் அந்த வருடத்து மாதாந்திரத் தாள்களின் நகலை எடுத்துவந்தாள். நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வொரு தேதியாக நகர்த்தினாள். அவள் விரல் நகர நகர ரெஜிஸின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

"முப்பத்திநாலு நாள் அவர் உன்னைப் பாத்திருக்கார்," என்றாள். "முப்பத்திநாலு நாளும் நீ இங்க, நம்ம கரைக்கு எதிரே இருந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. ஒருநாள்கூட உண்மை எழுதலையா?"

"யார்தான் எழுதினா?"

"எனக்கே தெரியாது ரெஜிஸ், இருபத்தெட்டு வருஷமா நீ எங்க போனேன்னு. எதாவது ஆச்சுன்னா உன் பொணத்தை எங்க தேடறதுன்னுகூடத் தெரியாது."

அந்தத் தாள்கள் அரசாங்கத்திடமும் இருந்ததால் நோட்டை மட்டும் கொடுக்க வழியில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு கடல்துறை அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்தவள் முப்பது வயதுப் பெண், பெயர் வெர்னியே. நல்ல பெண்தான். பொறுமையாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ஐயா, ரெண்டும் ஒத்துப்போகலையே. இதுல எது பொய்?"

"என்னோடது."

"நீங்க கையெழுத்துப் போட்டதா?"

"ஆமா."

"அப்ப, இந்த இங்கிலீஷ்காரர் எழுதினதை நம்பணும்ங்கிறீங்க. உங்களை நம்பக்கூடாது."

ஐரோப்பாவிலேயே இங்கிலீஷ்காரனை அவ்வளவு உரக்கப் பொய்க்காரன் என்று கத்திய ஆள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மேசை முன் நின்றான்.

"அவன் பொய் எழுதமாட்டாம்மா. மழை பெய்யலைன்னா பெய்யலைன்னுதான் எழுதுவான். நான்தான் பொய்யன். அவனை நம்புங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் அனுப்பிவைக்கிறேன். ஆனா முடிவு ஜெர்சிக்காரங்க கையில. உங்க சொந்தக் கையெழுத்தே உங்களுக்கு எதிரா நிக்குது. ஆசை காட்ட எனக்கு மனசு வரல."

அவள் சொன்னபடியே ஆனது. நவம்பரில் ஒற்றைத் தாள் வந்தது. மீனவரின் சொந்தப் பதிவு வேறாக இருப்பதால், வெளியார் குறிப்பை ஏற்பதற்கில்லை. ரெஜிஸ் அதை நாலு தடவை படித்தான். பிறகு கொட்டகைக்குப் போய்க் கூடுகளின் நடுவில் உட்கார்ந்துவிட்டான். ஒதில் சாப்பிடக் கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள், பிறகு அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகை உடைத்துப்போடச் சம்மதித்தால் அரசாங்கம் ஒரு தொகை தருகிறது. சம்மதித்தான். ஜனவரியில் இயந்திரம் வரும்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கடல் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துக் கோரிக்குப் போனான். தண்ணீர் முட்டி நின்றதால் படகும் சுவரும் ஒரே மட்டம். டெஸ்மண்ட் சுவர் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கை நீட்டினால் தோளைத் தொடலாம். காவலர் தூரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிரயோஜனப்பட்டுதா?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"இல்ல."

"என் கையெழுத்து புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுது. என்னோடதும் புரிஞ்சுது."

டெஸ்மண்ட் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். ரெஜிஸ் குடித்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று சொல்லவில்லை.

"நோட்டு இருக்கா?" என்றான்.

"எப்பவும் இருக்கும்."

"எழுது. உங்க துறைக்கு மேல இருக்கற கோட்டையோட கிழக்கு மூலை, பாறைமேல இருக்கற வெள்ளைச் சுவருக்கு நேரா வரணும். எழுதிட்டியா? அப்புறம் பின்னால திரும்பிப் பாக்கணும். எங்க ஊர் மாதா கோயில் கோபுரம் தண்ணித்தொட்டிக்கு இடது பக்கம் ஒட்டி நிக்கணும். ரெண்டும் சேர்ற எடத்துல பதினெட்டு மீட்டர் ஆழம். அடியில சரளை. மார்ச்சுல தெக்கால ஐம்பது மீட்டர் தள்ளிப் போடணும்."

டெஸ்மண்டின் பேனா நின்றது. அது ரெஜிஸ் மறைத்துவைத்த இடத்துக்கு அடையாளம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெஜிஸ், என்கிட்ட இப்ப படகு இல்ல."

"உங்க ஊர்ல யாராவது கூடு போடறவனாப் பாத்துக் குடு. எங்கப்பா குடுத்தது. எங்க ஊர்க்காரன் எவனும் இனி அங்க போக முடியாது. சும்மா கெடக்கவேணாம்."

"எழுதித்தான் ஆகணுமா?"

"தேதி போட்டு எழுது. எழுதினதைப் படி."

டெஸ்மண்ட் தன் அரைகுறை பிரெஞ்சில் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். கோட்டை, வெள்ளைச் சுவர், கோபுரம், தண்ணீர்த்தொட்டி. அந்த இடத்தை இன்னொருவர் வாயால் ரெஜிஸ் கேட்டதே இல்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். டெஸ்மண்ட் குனிந்து அவன் தோளில் கை வைத்தார். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. படகு இறங்க இறங்க அவரும் குனிந்துகொண்டே வந்தார். பிறகு அவருக்கு எட்டவில்லை.

கீழேயிருந்து ரெஜிஸ் கேட்டான்:

"இடது பக்கம்னு எழுதினியா?"

"எழுதினேன்," என்றார் டெஸ்மண்ட்.