கறை நீக்கப்பட்ட போர்

பிடித்த படங்களுக்குப் பின்னால் இருக்கும் இடங்களைத் தேடிப் போய் எழுதுவதுதான் இந்த வலைப்பதிவு. ஒரு ஹாங்காங் போர்ப் படத்துக்காகச் சென்ற மாதம் திருப்பூர் போனேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

படம் கான்டனீஸ் மொழியில். கடைசிக் காட்சியில், தோற்ற வீரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குன்று ஏறுகிறார்கள். சுற்றிலும் சேறு, ரத்தம். பனியன்கள் மட்டும் தூய வெள்ளை. சாகப்போகிறவர்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வெகுநாள் யோசித்து முடிவெடுத்ததாக இயக்குநர் ஒரு பேட்டியில் சொன்னார். சீன அரசு மொழியான மாண்டரினில் எடுக்கச் சொன்னவர்களிடம் சண்டை போட்டாராம். ஹாங்காங் மக்களின் பேச்சை யாரும் பறிக்க விடமாட்டாராம். எனக்குக் கண் கலங்கியது.

பேட்டியைக் கல்லூரித் தோழன் செந்திலுக்கு அனுப்பினேன். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனமொன்றில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவன். பதில் வந்தது. "அந்த பனியன் எங்க கம்பெனியில போனதுடா. அது வெள்ளையானதுக்கு ஒரு அக்காவ வேலைய விட்டே தூக்கிட்டாங்க. நேர்ல வா."

சென்னையிலிருந்து ரயில், ஸ்லீப்பரில் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். நிலையத்திலிருந்து கம்பெனி பல்லடம் சாலையில் ஆறு கிலோமீட்டர். பேருந்துக்குப் பன்னிரண்டு ரூபாய். ஞாயிறு, ஆகவே உட்கார இடம்.

வேலை போன ஜெயராணி அக்காவுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். செந்தில் அவர் வீட்டுக்கு அழைத்துப்போனான்: வரிசை வீடுகளில் ஓர் அறை. அப்போதுதான் கோயில் ஆராதனை முடிந்து வந்திருந்தார். செக்கிங் மேசையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். தைத்து வரும் துணியில் கறை இருந்தால் மருந்து பீய்ச்சி எடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் இழை தெரியாமல் தைக்க வேண்டும்.

படத்துக்காரர்கள் கேட்டதோ சேறு படிந்த, குண்டு துளைத்த பனியன்கள். ஒரு பட்டறையில் அப்படியே பாழாக்கி வாங்கிய மூட்டைகளைச் செந்தில் எண்ணிக்கை பார்க்கச் செக்கிங்குக்கு அனுப்பினான். எதற்கென்று சொல்ல மறந்தான்.

"மூட்டையப் பிரிச்சதும் ஆத்திரமா வந்துது சார். எந்த மூதி தச்சதுன்னு கேட்டேன். ஒரு பீஸ் விடல, எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்லா." அக்கா சிரித்தார். "காசு குடுத்து ஓட்டை பனியன் கேப்பாவன்னு யாரு கண்டா?"

ஹாங்காங்கில் மூட்டையைப் பிரித்த உடை வடிவமைப்பாளர் போனில் கத்தியிருக்கிறார். மறுபடி செய்ய அவகாசமில்லை. வந்ததையே மாட்டிப் படம் எடுத்தார்கள். இங்கே அக்கா வெளியே. வேலையைக் கெடுத்தவர் என்ற பெயர் பரவியதால் எந்தக் கம்பெனியும் செக்கிங்கில் சேர்ப்பதில்லை. இப்போது ஒரு சின்ன யூனிட்டில் பாதிக் கூலிக்கு, தைத்த துணியில் நீட்டியிருக்கும் நூல் பிசிர் வெட்டுகிறார். தன் பழைய மேசை வேண்டும் அவருக்கு. அவ்வளவுதான்.

மடிக்கணினியில் அந்தக் காட்சியைக் காட்டினேன். இயக்குநர் பேசியதையும் சொன்னேன்.

"அப்போ நல்லாத்தான் இருந்திருக்கு?"

"எல்லாரும் பாராட்டுறாங்கக்கா."

"பின்ன என்னைய எதுக்குத் தம்பி வெளிய போட்டாவ?" செந்திலிடம் கேட்டார்.

முதலாளியிடமே கேள் என்று நான் அவனை விடவில்லை. முதலாளியை அழைத்தான், ஸ்பீக்கரில்.

"ஜெயராணியக்காவ மறுபடி செக்கிங்குக்கு எடுத்துக்கலாங்களாங்க? படத்துக்காரங்க அந்த வெள்ளைக்குத்தான் பேரு வாங்கியிருக்காங்க."

"அவங்க சந்தோசமா இருக்காங்கல்ல கண்ணு? அப்பறம் எதுக்குப் பழசக் கெளறீட்டு? கேக்காமச் செய்யற கை அது. நாளைக்கு வேற பார்ட்டிக்கும் செஞ்சு போடும்." அதே மூச்சில், "அந்த வெள்ளப் பனியன் போட்டோ ஃபிரேம் போட்டு வந்திருச்சா? ரிசப்சன்ல மாட்டோணும்."

"வந்திருச்சுங்க."

போன் அணைந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை. "இப்பவாது சொல்லீருக்கலாம்லா தம்பி, நீதான் மறந்தேன்னு."

செந்திலோடு சாப்பிடுவதாக இருந்தது. சாப்பிடவில்லை. பேருந்து நிறுத்தம் வரை தனியாக நடந்தேன்.

அந்த இயக்குநருக்கு எழுதினேன். பதில் இல்லை. தன் மொழியைக் காத்தவர்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்த வெள்ளை அவர் யோசித்ததல்ல.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், கம்பெனி பூட்டியிருக்கும். வார நாளில் போங்கள். வரவேற்பறையில் அந்த வெள்ளைப் பனியன் புகைப்படம் மாட்டியிருக்கும். கண்ணாடியில் கறை இருந்தால் துடைக்காதீர்கள். அங்கே அதற்குத்தான் வேலை போகும்.