ஆறு மணி ஜீப்பில் ஒரு பரீட்சை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் காலை ஆறு மணி ஜீப்பில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

எங்கள் ஊரில் முதன்முதலில் ராப் பாடியது இரண்டு அண்ணன்கள். ஒருவர் ஜீப் ஓட்டுகிறவர். மற்றவர் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை பார்ப்பவர். நான் எட்டாவது படிக்கும்போது திருவிழா மேடையில், டான்ஸ் நிகழ்ச்சிக்கு நடுவே ஏறிப் பாடினார்கள். பாட்டா இது, பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுறானுக என்று கீழேயிருந்து கத்தினார்கள். இரண்டாவது பாட்டில் மைக்கை அணைத்துவிட்டார்கள். அண்ணன்கள் விடவில்லை. நிறுத்திய ஜீப்புக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்போனிலேயே பதிவு செய்தார்கள். மலைப்பாதை வளைவுகளைப் பற்றிய பாட்டு கம்பம் வரைக்கும் எல்லார் போனிலும் ஓடியது. மதுரையிலும் சென்னையிலும் மேடை கிடைத்தது. குரங்கணியிலும் பொட்டிபுரத்திலும் பையன்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பெஞ்சைத் தட்டி ராப் பாட ஆரம்பித்தார்கள். இவ்வளவுக்கும் அவர்கள் ஜீப்பையும் ஸ்டோரையும் விடவேயில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதிய பாட்டை, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் முன்னால் ஜீப்பில் முதலில் பாடுவார்கள். அவர்களுக்குப் பிடித்தால் பதிவு. பிடிக்காவிட்டால் அந்தப் பாட்டு அங்கேயே முடிந்தது.

ஏலக்காய் பறிக்கும், காய் எடுக்கும் பெண்களைப் பற்றிய புதுப் பாட்டுக்குப் பெண் குரல் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதினாறு வரி எழுதிக் கொண்டுபோனேன். ஸ்டோர் அண்ணன் படித்துவிட்டு நன்றாக இருக்கிறதென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஜீப்புக்கு வந்துவிடச் சொன்னார்.

அது என் அம்மா போகிற ஜீப். இருபது வருடமாகக் காய் எடுக்கிறவள், லீவு நாளில்கூட என்னை மலைக்குக் கூட்டிப்போனதில்லை. ஒன் கால் இந்த ஜீப்புல படக்கூடாது, நீ படி என்பாள். அன்று நான் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஸ்டோர் அண்ணன் ஜீப் தகரத்தில் தாளம் தட்டினார். நான் பாடினேன். ‘கொப்பை வளைத்துக் கொத்தாய்ப் பறித்தாள், கண்ணீர் வடித்துக் காலம் கழித்தாள்’ என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான்.

முடித்தபோது உள்ளே இருந்த பதினாலு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு எதிரே இருந்த எங்கள் தெரு அத்தை கேட்டார்: “ஏ ஆத்தா, கொப்பை வளைச்சுப் பறிக்க இதென்ன முருங்கைக்காயா?”

ஜீப்பே சிரித்தது. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் நிற்பதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. காய் தரையோரம், செடியின் அடியில் சரம் சரமாகக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் கையில் வருகிற ஏலக்காய் வாசத்திலேயே வளர்ந்தவள், அந்த வேலை எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா திரும்பினாள். திட்டு எனக்குத்தான் என்று நினைத்தேன். அவள் அத்தையைப் பார்த்தாள்.

“எம்மக தப்பா எழுதிட்டா, திருத்திட்டாப் போச்சு. ஒம்மக ஒரு வரி எழுதட்டும் பாப்போம்.”

பிறகு என்னிடம், “நாங்க எங்கடி அழுதோம்? அட்டை கடிச்சாக்கூட உப்பை வச்சுட்டு சோலியப் பாப்போம். அந்த அழுகைய மொதல்ல எடு” என்றாள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். குத்தவைத்தபடியே செடிக்குச் செடி நகர்வதை ஒருவர் சொன்னார். கை தவறிப் பறித்த பிஞ்சைக் கங்காணி வருவதற்குள் மடியில் ஒளித்ததை இன்னொருவர் சொன்னார். மழைக்கு உரச்சாக்கை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி நடப்பதை அந்த அத்தையே நடித்துக் காட்டினார். முற்றின காய் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“வெரலுக்குக் கண்ணு இருக்குல்ல” என்றாள் அம்மா, சாதாரணமாக.

ஜீப் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். “வெரசா எழுதும்மா, மறந்துரப்போகுது.”

போடிமெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் பதினாறு வரியில் மிஞ்சியது மூன்று. புதிதாகச் சேர்த்ததோடு மறுபடி பாடினேன். அம்மாவின் ‘வெரலுக்குக் கண்ணு’ வரி வந்தபோது எல்லாரும் கூடவே பாடினார்கள்.

பாட்டு வெளிவந்தபோது, எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரும் அதற்குக் கீழே ‘ஆறு மணி ஜீப்பு’ என்றும் போட்டிருந்தார்கள். என் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு முதலில் லேசாகச் சுருக்கென்றது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் பெயர் எது, ஜீப்பு எது என்று போனில் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இரண்டின் மேலும் ஒரே விரலை வைத்து மூடிப் பார்த்துவிட்டு, “கிட்டக்கதான் இருக்கு” என்று சிரித்தாள்.

இப்போது நான் பள்ளியில் வேலை பார்க்கிறேன். விடுமுறையில் அண்ணன்களோடு மேடையும் ஏறுகிறேன். எது எழுதினாலும் ஜீப்பில் பாடிக் காட்டாமல் வெளியே விடுவதில்லை. வீட்டில் முதலில் படித்தவள் என்ற பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. படிக்காத பதினாலு பேர் என்னை நம்பித் தங்கள் வரிகளைத் தந்தார்கள் என்ற பெருமையும் அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.