பஸ் கம்பி பொருத்திய அம்பாசடர்

சர்ச்சில் நன்றி சொல்லும் நேரம் வந்தால் எல்லாரும் பிள்ளைகளுக்காக, வேலைக்காக, மழைக்காக நன்றி சொல்வார்கள். நானும் அதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஓர் இரும்புக் கம்பிக்காகவும் சொல்கிறேன். வாய்க்குள்தான். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டால் எனக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

அந்தக் கம்பி இருப்பது எங்கள் அம்பாசடரில். வெள்ளை வண்டி, நல்ல வயசாளி. தம்பி புது கார் வாங்கியபோது இதை எங்கள் தலையில் கட்டினான். அப்போது என் வீட்டுக்காரர் ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "இந்த ஆனைக்கு யாரு தீனி போடுறது?" என்று முறைத்தார். எனக்கோ கார் ஓட்டவே தெரியாது. வண்டி பாட்டுக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் கிடந்தது.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் சொன்னபடி கேட்கவில்லை. வலது பக்கமும் வாயும் பழையபடியே இருந்தன. வாய் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்லலாம். நான் ஐம்பது தாண்டி டிரைவிங் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

தார்ப்பாயை எடுத்தபோதுதான் அந்த வண்டியின் அருமை தெரிந்தது. தம்பியின் புது காரில் அவரை உட்கார வைப்பது பள்ளத்தில் இறக்குவது மாதிரி இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்காருவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அம்பாசடரின் முன்சீட்டோ வீட்டு நாற்காலி உயரம். கதவும் தாராளமாகத் திறக்கும். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, திறந்த கதவை வலது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். அக்குளில் கை கொடுத்துத் தாங்குவது என் வேலை. இடது காலைத் தூக்கி உள்ளே வைப்பதும் என் வேலைதான்.

ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். எங்களுக்குக் கல்யாணம் நடந்த சர்ச் அங்கே இருக்கிறது. அவருக்குப் பிரசங்கம் என்றாலே கொட்டாவி வரும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியோடு அவரை விட்டுவிட்டு நான் மட்டும் சர்ச்சுக்குப் போவேன். கூட வேலை பார்த்தவர்கள் டீ வாங்கிக்கொண்டு வந்து ஜன்னலில் சாய்ந்து நிற்பார்கள். எந்த வண்டி லேட், எந்த டிரைவர் எவரோடு மல்லுக்கு நின்றார் என்று ஊர்ப்பட்ட கதை. அதை வைத்துத்தான் மீதி வாரத்தை அவர் ஓட்டுவார். அந்த வேப்பமரத்தடி இல்லாவிட்டால் அவருக்கு நாலு சுவரும் கட்டிலும்தான்.

அந்த மரத்தடியில்தான் அது நடந்தது. கால் மரத்துவிட்டது, கொஞ்சம் எழுந்து நிற்கலாம் என்று நினைத்திருக்கிறார். கதவைப் பிடித்து எழுந்தார். கதவு சட்டென்று கீழே இறங்கிவிட்டது. கதவோடு அவரும் போனார். பக்கத்தில் நின்ற நண்பர் பாய்ந்து தாங்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். நான் சர்ச்சிலிருந்து வந்தபோது மூக்குக்கண்ணாடி கீழே கிடந்தது. நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னல்களிலெல்லாம் தலைகள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அந்தக் கண்ணாடியை மாட்டாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு சட்டை மாட்டிவிடப் போனேன். "நீ போயிட்டு வா. நான் வரல" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதையேதான் சொன்னார். நண்பர்கள் போன் பண்ணினால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுவதுகூட நின்றுபோனது. இந்தக் கதவு நிற்காவிட்டால் இந்த மனுஷன் இனி எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றிவிட்டது.

தேய்ந்துபோனது கதவின் கீல். மேலே ஒன்று, கீழே ஒன்று. வண்டியின் வருஷத்தைச் சொல்லி மதுரையில் ஒரு கடையில் புதிதாக வாங்கி வந்தேன். எங்கள் தெரு மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். வண்டிப் பக்கம் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. கதவுப் பக்கம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பழைய கீலையே திரும்ப மாட்டி, கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வண்டியையே மதுரைக்கு ஓட்டிப் போய்க் கடைக்காரர் முன்னால் நிறுத்தினேன். அவர் சாவகாசமாகச் சுற்றிவந்து பார்த்தார். எப்போதோ யாரோ இடித்துவிட்டு, வேறு வருஷத்து வண்டியின் கதவை மாட்டியிருக்கிறார்கள் என்றார். ஒரு பக்கம் ஒரு வருஷம், மறுபக்கம் இன்னொரு வருஷம். இரண்டுக்கும் பொருந்துகிற கீலை எவனும் செய்வதில்லையாம்.

திரும்பி வரும்போது எனக்கு முன்னே பின்னே தெரியாத அந்த ஆட்களை, இடித்தவனையும் மாட்டியவனையும், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது ரோட்டோரம் ஒரு ஷெட். காலேஜ் பஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே தகரத்தைத் தட்டுகிற சத்தம். பஸ் கதவையெல்லாம் சரிபண்ணுகிறவர்களுக்கு என் கதவு எம்மாத்திரம் என்று வண்டியை உள்ளே விட்டேன்.

டிங்கர் வேலை பார்க்கிறவர் நாற்பது வயதுக்காரர், வாயாடி. ஒரு காதில் போன், கையில் சுத்தியல். கயிற்றை அவிழ்த்துக் கதவை ஆட்டிப் பார்த்தார்.

"யக்கா, இந்தக் கதவு மட்டும் எப்படி இம்புட்டுத் தேஞ்சுது? அந்தாண்டக் கதவு கல்லு மாதிரி நிக்கு."

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் வராது, தம்பி. அவிய இதைப் புடிச்சுத்தான் ஏறி எறங்குவாக."

சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்கதுக்கு இதுல என்ன இருக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. தங்கத்துல கீல் அடிச்சுப் போட்டாலும் ஆளு தொங்குனா எம்புட்டு நாள் நிக்கும்? பஸ்ஸுல யாராவது கதவைப் புடிச்சு ஏறுதாங்களா? கம்பியைப் புடிச்சுல்லா ஏறுதாங்க."

ஒரு கண்டக்டர் பெண்டாட்டிக்கு இது தோன்றியிருக்க வேண்டும். சரி, அந்தக் கண்டக்டருக்கே தோன்றவில்லையே.

ஷெட்டுக்குப் பின்னால் கழித்துப்போட்ட காலேஜ் பஸ் ஒன்று கிடந்தது. அதன் கதவுக் கீலிலிருந்து, கீல் சுழலும் ஆணியான பின்களை உருவினார். அவை எங்கள் பழைய பின்னைவிடத் தடிமன். எங்கள் கீலின் துளைகளோ தேய்ந்து அகன்று கிடந்தன. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியதும் பஸ் பின் அதில் இறுக்கமாக உட்கார்ந்தது. கதவு ஆடாமல் நின்றது. கீல் தேய்ந்ததற்காகத்தானே இத்தனை நாளும் அழுதேன். தேயாமல் இருந்திருந்தால் பஸ் பின் உள்ளே போயிருக்குமா?

பிறகு படிக்கட்டுக் கம்பியில் ஒரு துண்டை அறுத்து வந்தார். கதவுக்கு முன்னால் உள்ள தூணில் தலை உயரத்தில் வைத்துக் காட்டினார்.

"அது ஏறுறவங்களுக்கு. இவிய உக்காருறவிய" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொல்லி விளங்காது என்று நானே செய்து காட்டினேன். இடது கையைத் தொங்கவிட்டு, இடது காலை இழுத்து நடந்து, முதுகைத் திருப்பி, வலது கையை நீட்டியபடி உட்கார்ந்தேன். அந்தக் கை போய் நின்ற இடம் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. அவர் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். வெறும் வெல்டிங்கை நம்பாமல் தூணுக்கு உள்ளே பட்டை கொடுத்து போல்ட் போட்டார். கதவு மூடும்போது இடிக்காதபடி கம்பியை வளைத்தும் கொடுத்தார். கிளம்பும்போது, "அண்ணாச்சியைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்ததே இல்லை. சரியென்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். "வர வேண்டாம். வந்து பாக்க மட்டும் செய்ங்க" என்று கெஞ்சி அவரை வாசல்வரை கூட்டிவந்தேன். மற்றதை விட்டுவிட்டு நேராக அந்தக் கம்பியைப் பார்த்தார். கிட்டே போய்ப் பிடித்தார்.

"இது பஸ் கம்பில்லா?"

"ஆமா. காலேஜ் பஸ்ஸுது."

விரல்களை மூடிப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து ஓர் இழுப்பு இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்தார். கம்பி அசையவில்லை. மெல்லத் திரும்பினார். வழக்கம்போல அக்குளில் கை கொடுக்கப் போனேன்.

"கையை எடு" என்றார்.

எடுத்தேன். கம்பியைப் பிடித்தபடி, இத்தனை காலமும் என் தோளில் விழுந்த பாரத்தையெல்லாம் அதில் போட்டு, மெதுவாகச் சீட்டில் உட்கார்ந்தார். வலது கையாலேயே இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். எட்டிக் கதவைச் சாத்தினார். எனக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் ஜன்னல் வழியே வலது கையை வெளியே விட்டு, கதவின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். ஆள் ஏறியதும் டிரைவருக்குக் கண்டக்டர் கொடுக்கிற அதே இரண்டு தட்டு. எதிரே தெரு இருப்பதே எனக்குத் தெரியவில்லை. கண் அப்படிக் கலங்கிப்போயிருந்தது. சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, ரைட் குடுத்தாச்சு" என்றார். "இன்னும் எதுக்கு நிக்க? வண்டியை எடு."